கூடுதல் பத்து வாட் எங்கே போனது?

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் வானொலிப் பெட்டியின் திறனை 7 வாட்டிலிருந்து 17 வாட்டாக உயர்த்திய கதையைச் சற்றுப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியாயிற்று. மாணவர்களும் கைதட்டினார்கள். அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சார், கூடுதலா வந்த பத்து வாட்டும் நீங்க நினைச்ச இடத்துக்குத்தான் போகுதுன்னு எப்படித் தெரியும்?”

எனக்குத் தெரியவில்லை. “அடுத்த வாரம் சொல்கிறேன்” என்று சொல்லி வைத்தேன். பதில் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளன். பேச்சு வழக்கில் ஹாம். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறினால்தான் இந்த உரிமம் கிடைக்கும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம் என்பதால் நம் மாணவர்களுக்கும் இது எட்டாத ஒன்றல்ல. உரிமம் பெற்றவருக்குச் சில அலைவரிசைகளில் பேச அனுமதி உண்டு. அதோடு, மற்ற வானொலிப் பயனாளர்கள் பலருக்கு இல்லாத ஒரு சலுகையும் உண்டு: கருவியைத் தானே செய்யலாம், திறந்து மாற்றலாம். அறிவியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் ஏது?

என்னிடம் இருப்பது பிட்எக்ஸ்40 என்னும் சிறிய டிரான்சீவர். வாங்கவும் அனுப்பவும் ஒரே பலகை. 7 மெகாஹெர்ட்ஸ் அருகே, அதாவது 40 மீட்டர் அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும். இந்த வரிசைக் கருவிகளை வடிவமைத்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான். முதலில் வந்த பிட்எக்ஸ்20 சுற்றில், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொருள்களே போதும் என்ற நோக்கத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷர்மீது கம்பி சுற்றிச் சுருள் செய்யச் சொல்லியிருந்தார். வளையக் காந்த உள்ளகம் தேடி அலைய வேண்டியதில்லை. சுற்றுப் படம் எல்லாருக்கும் திறந்தது. பெயரில் உள்ள ‘பி’ இருதிசை என்பதைக் குறிக்கும்: ஒலி வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் பெரும்பாலும் அதே நிலைகள்தான் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன.

உள்ளே நடப்பது ஒரு கழித்தல் கணக்கு. பேச்சு முதலில் 12 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றப்பட்டுப் படிக வடிகட்டி வழியே போகிறது. அங்கிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஓர் அலையோடு கலக்கிறது. 12லிருந்து 4.9 போனால் 7.1. எனக்கு 7.15 வேண்டுமென்றால் அந்த இரண்டாவது அலையை 4.85 ஆக்கினால் போதும். டியூனிங் குமிழ் செய்வது இவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட இது ஐந்து நிமிடத்தில் புரிந்தது.

நான் செய்த முதல் இரண்டு மாற்றங்கள் மிகச் சிறியவை. பெட்டியோடு வந்த குமிழ் ஏறத்தாழ 270 பாகைதான் திரும்பும். அதற்குள் 50 கிலோஹெர்ட்ஸ் அடங்க வேண்டும். ஒரு பாகைக்கு 185 ஹெர்ட்ஸ். ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சில் அந்த அளவு விலகினாலே எதிர்முனைக் குரல் வாத்து பேசுவதுபோல் ஆகிவிடும். பத்துச் சுற்றுத் திரும்பும் குமிழை வாங்கிப் போட்டேன். 3,600 பாகை, பாகைக்கு 14 ஹெர்ட்ஸ். குரல் குரலாகவே நின்றது.

இரண்டாவது மாற்றம் காதுக்காக. இந்தச் சிறு பெட்டியில் ஒலியைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு இல்லை. தொலைவில் மெல்லப் பேசுபவரைக் கேட்க ஒலியைக் கூட்டி வைத்திருப்போம். அந்நேரம் பக்கத்து ஊர்க்காரர் பேசத் தொடங்கினால் காது கிழியும். ஹெட்போனுக்குப் போகும் வழியில் ஒரு சிறு மின்தடையும், அதன் பின் இரண்டு சிலிக்கான் டையோடுகளை எதிரெதிராகவும் இணைத்தேன. மின்னழுத்தம் 0.6 வோல்ட்டைத் தாண்டியதும் ஏதாவது ஒரு டையோடு திறந்து மிகுதியை வடித்துவிடும். ஒலி கொஞ்சம் கரகரக்கும், காது தப்பும். டையோடின் முன்னோக்குச் சார்பு பற்றி நடத்தும் மேல்நிலை ஆசிரியர்கள் இதைச் செய்து காட்டலாம். வரைபடத்தில் பார்க்கும் அந்த முழங்கால் வளைவைப் பிள்ளைகள் காதால் கேட்பார்கள்.

இரண்டும் நன்றாக அமைந்ததில் எனக்குத் துணிச்சல் கூடிவிட்டது. அனுப்பும் திறனில் கை வைத்தேன்.

பிட்எக்ஸ்40இன் கடைசி நிலையில் இருப்பது ஐ.ஆர்.எஃப். 510 என்னும் மலிவான மாஸ்ஃபெட். அதற்கு மட்டும் தனி மின்வழி உண்டு. 12 வோல்ட் கொடுத்தால் சுமார் 7 வாட். அந்த வழியில் மட்டும் 24 வோல்ட் வரை கொடுக்கலாம், திறன் கூடும். இரண்டு மின்கலங்களைத் தொடராக இணைத்தேன். வெப்பம் கூடுமே என்று பெரிய வெப்பத் தகடு ஒன்றைத் திருகி, அதை உலோகப் பெட்டியோடு ஒட்டிப் பொருத்தினேன்.

நான் மறந்தது ஒன்றுதான். இந்த மாஸ்ஃபெட்டின் முதுகில் இருக்கும் உலோகப் பகுதி வெறும் தாங்கி அல்ல. அது அதன் மூன்று முனைகளில் ஒன்றான டிரெயினோடு உள்ளே இணைந்திருக்கிறது. நடுவில் மைக்கா தகடு வைக்காமல் பெட்டியில் திருகினால், 24 வோல்ட்டை நேராக நிலத்தோடு இணைத்ததாகிவிடும். சுவிட்சைப் போட்டேன். புகை வந்தது. அடுக்களையிலிருந்து, “என்னங்க கருகுது?” என்று குரல் வந்தது. நான் ஃபியூஸும் போட்டிருக்கவில்லை.

மாஸ்ஃபெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மின்சாரம் கொண்டு செல்லும் சோக் சுருள்தான் கரியாகியிருந்தது. புதிதாக ஒன்றைச் சுற்றிப் பற்றவைத்தேன். மைக்கா தகடு வைத்தேன். 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். கருகிய இடத்துக்கு அருகில் ஓடிய மெல்லிய கோஆக்சியல் கம்பியின் உறையும் உருகியிருந்தது. வடிகட்டியிலிருந்து ஆன்டெனா இணைப்புக்குப் போகும் கம்பி அது. மாற்றுக் கம்பி கையில் இல்லை. கிடைத்த சாதாரண ஒயர் ஒன்றைப் போட்டு முடித்தேன். அந்த ஒயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, திறன் உண்மையிலேயே கூடியதா? அதை அளக்க ஆன்டெனா தேவையில்லை. 50 ஓம் மின்தடை ஒன்று போதும். அனுப்பும் ஆற்றலை வெப்பமாக மாற்றி விழுங்கிக்கொள்ளும் இதனை டம்மி லோடு என்பார்கள். பத்தாம் வகுப்பில் மின்தடைகளின் பக்க இணைப்பை நடத்தியிருந்த வாரம் அது. 1,000 ஓம், 1 வாட் கார்பன் மின்தடைகள் இருபதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். 50 ஓம், தாங்கும் திறன் 20 வாட். மாணவர்களே இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவில் இருபதையும் நிறுத்திப் பற்றவைத்தார்கள். கம்பி சுற்றிய மின்தடை இதற்கு ஆகாது. அது சுருளாகவும் நடந்துகொள்ளும்.

அதன் குறுக்கே ஒரு டையோடும் ஒரு மின்தேக்கியும் வைத்து, மல்ட்டிமீட்டரில் உச்ச மின்னழுத்தத்தை எடுத்தோம். ஒற்றைப் பக்கப்பட்டைப் பெட்டியில் பேசாமல் இருந்தால் எதுவும் வெளியே வராது. பேசினால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே சீராக ஒரு விசில் வேண்டும். வகுப்பில் விசிலடித்ததற்காக நான் முன்பொரு நாள் கண்டித்த பையனையே அழைத்தேன். அன்று அவனுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆன்டெனா கழற்றி வைக்கப்பட்டிருந்தது; அனுப்பும் பொத்தான் என் கையில் இருந்தது. உரிமம் இல்லாதவர்கள் இருக்கும் இடத்தில் இந்த இரண்டிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

12 வோல்ட்டில் மீட்டர் காட்டியது 25.8. டையோடு பிடித்துக்கொண்ட 0.6ஐச் சேர்த்தால் 26.4. அதன் இருமடி 697. உச்ச மதிப்பு என்பதால் மின்தடையின் இரு மடங்கால், அதாவது 100ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 7 வாட். 24 வோல்ட்டில் 41.2 காட்டியது. அதே கணக்கில் 17.5 வாட். மின்னழுத்தம் இரு மடங்கானால் திறன் நான்கு மடங்காகும் என்று நான் சொல்லியிருந்தேன். கிடைத்தது இரண்டரை மடங்குதான். மாஸ்ஃபெட்டுக்கு முன்னால் இருக்கும் நிலைகள் அதே பழைய அளவில்தானே தள்ளுகின்றன!

இந்தக் கணக்கை எழுதி முடித்த இடத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

அவள் கேட்டது ஏன் சரியான கேள்வி என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. மல்ட்டிமீட்டர் மொத்தத்தைச் சொல்கிறது. அது எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று சொல்வதில்லை. இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டினால் அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு சீரிசைகளும் எழுகின்றன. மாஸ்ஃபெட்டை விரட்டி வேலை வாங்கும்போதும் அப்படியே. 7.1இல் அனுப்பினால் 14.2, 21.3 என்று சேர்ந்தே பிறக்கும். அவற்றைத் தடுக்கத்தான் ஆன்டெனாவுக்கு முன் ஒரு தாழ்நிலை வடிகட்டி வைத்திருக்கிறார்கள்: 7ஐ விடும், மேலே உள்ளதை மறிக்கும்.

மறிக்காவிட்டால் என்ன? 14.2 இன்னொரு ஹாம் அலைவரிசைக்குள் விழுகிறது. அங்கே யாரோ ஒருவர் தொலைதூர மெல்லிய குரலை உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அலைவரிசை 14.350இல் முடிகிறது. நான் 7.180இல் பேசினால் இரு மடங்கு 14.360. அங்கே எனக்கு எந்த உரிமையும் இல்லை. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, போர்ட் பிளேரில் ஏற்கனவே முகாமிட்டிருந்த ஹாம் குழுவினர்தான் தொலைபேசிகள் அடங்கிய அந்த நாட்களில் தீவிலிருந்து செய்தி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் யாரோ ஒருவரின் அக்கறையற்ற பெட்டி அந்த அதிர்வெண்ணில் இரைந்துகொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் வீட்டிலிருந்த சிற்றலை வானொலியை மேசையிலேயே வைத்து 14.2க்குத் திருப்பினோம். விசில் அடித்தவுடன் அங்கே இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஏதோ ஓர் அலை வருகிறது என்று பொருள். 15இலும் அடங்கியது. 17இலும்தான். இது சீரிசை அல்ல. பக்கத்தில் இருந்த வலுவான அலையைத் தாங்க முடியாமல் அந்த வானொலியே திணறுகிறது. வானொலியை மைதானத்தின் மறு கோடிக்குக் கொண்டு போகலாம் என்றாள் கேள்வி கேட்டவள். போனார்கள். அங்கே 15இலும் 17இலும் ஒன்றுமில்லை. 14.2இல் மட்டும் இரைச்சல் அடங்கியது.

அது அளவீடு ஆகாது, சந்தேகம்தான். ஆனால் வலுவான சந்தேகம்.

அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைப் பகுப்பான் இருந்தது. எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று திரையில் கோடுகளாகக் காட்டும் கருவி. அனுப்பியை அதில் நேராக இணைத்தால் அது பாழாகிவிடும். நடுவில் 40 டெசிபெல் குறைப்பான், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் ஒன்றை வைத்தார்கள். திரையில் 7.1இல் ஓர் உயர்ந்த கோடு. 14.2இல் அதைவிட 39 டெசிபெல் தாழ்ந்த இன்னொன்று. அமெரிக்க விதிப்படி இத்தகைய அனுப்பிகளில் வேண்டாத அலைகள் குறைந்தது 43 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும். சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவுகோலும் அதுதான். அதில் தோற்றிருந்தேன்.

17.5 வாட்டில் 39 டெசிபெல் தாழ்வு என்றால் 2 மில்லிவாட். இவ்வளவுதானே என்று தோன்றும். வானம் ஒத்துழைத்தால் சில மில்லிவாட்டை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொடர்பு கொள்ளும் ஹாம்கள் இருக்கிறார்கள். மூன்று வாரமாக நான் இந்தப் பெட்டியில் ஆன்டெனாவை மாட்டிப் பேசியிருக்கிறேன்.

குற்றவாளி அந்த ஒயர். உறையில்லாத சாதாரண ஒயர், மாஸ்ஃபெட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் ஓடி, வடிகட்டிக்கு முன்னால் இருந்த அலையை நேராக உறிஞ்சி ஆன்டெனா முனைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. வடிகட்டி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. நான் அதைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தேன். இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிட்எக்ஸ்40க்குப் பின் வந்த மைக்ரோபிட்எக்ஸின் தொடக்கப் பதிப்புகளில், வடிகட்டிகளை மாற்றும் ரிலேக்களின் வழியே இதேபோல் சீரிசைகள் கசிவதைப் பயனாளர்கள் அளந்து கண்டார்கள். ரிலே அமைப்பை வீட்டிலேயே மாற்றிப் பார்த்து முடிவுகளையும் பகிர்ந்துகொண்டார்கள். ஐந்தாம் பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. திறந்த சுற்றுப் படத்தால் இப்படியும் ஒரு பயன்.

நல்ல கோஆக்சியல் கம்பி வாங்கி, மாஸ்ஃபெட்டிலிருந்து தள்ளி, பெட்டியின் மறுபக்கமாக ஓட்டினேன். மீண்டும் கல்லூரிக்குப் போனேன். 24 வோல்ட்டில் 47 டெசிபெல். 12 வோல்ட்டில் 51.

இனி 24 வோல்ட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி மிச்சமிருந்தது. இரண்டரை மடங்கு திறன் என்பது 4 டெசிபெல். வானொலிகளில் அலையின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஓர் அலகு என்பது வழக்கப்படி 6 டெசிபெல். அதாவது நான் கருக்கிய சோக், சேர்த்த மின்கலம், பெரிய வெப்பத் தகடு எல்லாம் சேர்ந்து எதிர்முனையில் முள்ளை ஓர் அலகுகூட நகர்த்தப் போவதில்லை. பெங்களூருவில் உள்ள ஒரு நண்பரிடம் எது எதுவென்று சொல்லாமல் ‘அ’, ‘ஆ’ என்று மாற்றி மாற்றி அனுப்பினேன். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னார். நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவு வந்திருக்கும். அலை தானாக ஏறி இறங்குவதே அதைவிட அதிகம்.

12 வோல்ட்டுக்குத் திரும்பிவிட்டேன். உழைப்பை ஆன்டெனாவில் போட்டோம். 300ஐ 7.1ஆல் வகுத்தால் அலைநீளம் 42.25 மீட்டர், அதில் பாதி 21.1; கம்பியில் அலை நடந்துகொள்ளும் விதத்துக்காக 5 விழுக்காடு குறைத்தால் 20 மீட்டர். நடுவில் பிரித்துப் பக்கத்துக்குப் பத்து மீட்டர். கணக்கும் வெட்டுதலும் மாணவர்களுடையவை. என் வீட்டில் 4 மீட்டர் உயரத்தில் தொங்கியதை இறக்கி, இந்தப் புதிய கம்பியை மாடிக் குழாயில் 9 மீட்டருக்கு ஏற்றினேன்.

உரிமம் இல்லாத ஆசிரியர்கள் இதில் எதைச் செய்யலாம் என்று கேட்பீர்கள். டம்மி லோடு செய்வதற்கு உரிமம் தேவையில்லை; இருபது மின்தடைகள் போதும். டையோடு ஒலிக் கட்டுப்பாட்டை எந்தப் பழைய வானொலியின் ஹெட்போன் வழியிலும் செய்து பார்க்கலாம். மின்கலத்தில் ஓடும் பெட்டியாக இருக்கட்டும், 230 வோல்ட்டில் செருகும் பெட்டியைத் திறக்க வேண்டாம். அருகில் ஒரு ஹாம் இருந்தால் பள்ளிக்கு அழையுங்கள். பெரும்பாலோர் கூப்பிடுவதற்காகவே காத்திருக்கிறார்கள்.

எங்கள் மன்றத்தில் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி. என்ன மாற்றினோம், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று மூன்று பத்திகள் நான் கோடிட்டது. நான்காவது பத்தியைக் கோடிட்டவள் அந்த மாணவி. அதற்கு அவள் வைத்த தலைப்பு, ‘வேறு என்ன மாறியது?’ மின்னழுத்தம் 12லிருந்து 24 என்ற வரிக்கு எதிரே, ‘14.2இல் கசிவு, ஒயர்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். ஆன்டெனா உயரம் 4லிருந்து 9 மீட்டர் என்ற வரிக்கு எதிரே, மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்து எழுதியது: ‘காக்கை உட்காருகிறது. கம்பி தொய்கிறது. வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்.’